பாட்டும் மனசும்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார்.)

கேள்வி: காலையில் பக்கத்து வீட்டு டிவியில் கேட்ட சோப்பு விளம்பரப் பாட்டு ராத்திரி வரைக்கும் மண்டைக்குள் ஓடுகிறது. அதில் பாதி வரிகூட எனக்குத் தெரியாது. எப்படி நிறுத்துவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாதி வரிதான் தெரியும் என்கிறீர்களே, வில்லங்கமே அங்கேதான். மண்டைக்குள் சுற்றுகிற பாட்டு முழுப் பாட்டாக இருப்பது அபூர்வம். சில நொடித் துண்டுதான் சுற்றும். முடிவு கிடைக்காத மனசு திரும்பவும் முதல் வரிக்கே வந்து நிற்கிறது என்பது ஒரு விளக்கம். ஆகவே அந்தப் பாட்டை எங்கேயாவது தேடிப் பிடித்து, ஒரு தரம் கடைசி வரை கேட்டுவிடுங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, வாய்க்கு வேலை கொடுங்கள். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதைச் சோதித்தார்கள். பாட்டைக் கேட்கவைத்து, பிறகு சூயிங் கம் மெல்லச் சொன்னார்கள். மென்றவர்களுக்குப் பாட்டு திரும்ப வருவது குறைந்தது. சத்தமில்லாமல் மனசுக்குள் பாடும்போதும் நாக்கையும் தாடையையும் பேசவைக்கிற ஏற்பாட்டைத்தான் மூளை எடுத்துக்கொள்கிறது. தாடை வேறு வேலைக்குப் போய்விட்டால் உள்ளே பாடுகிறவருக்கு ஆள் பற்றாக்குறை. சூயிங் கம் பிடிக்காதென்றால் வறுத்த வேர்க்கடலை. 'நிறுத்து, நிறுத்து' என்று உங்களையே அதட்டிக்கொள்ள மட்டும் வேண்டாம், இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முடிந்து பாடகர் பல்லவியை மறுபடி எடுக்கிற நொடியில் எனக்குக் கையெல்லாம் புல்லரித்துப் போகிறது. ஆனால் எனக்குத் தாளம் போடக்கூடத் தெரியாது. புரியாத ஒன்று எப்படி இந்தப் பாடு படுத்துகிறது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: புரியவில்லை என்று யார் சொன்னது? உங்கள் கைக்குத்தான் தெரியாது. காதுக்குத் தெரியும்.

மிருதங்கக்காரர் அங்கே என்ன செய்கிறார் என்று பார்ப்போம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காக வகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 32 மாத்திரை. முடிக்கும் இடத்தில் அவர் கையில் இருப்பது 'ததிகிணதொம்' என்ற சின்னச் சொல், ஐந்து மாத்திரை. அதை மூன்று தரம் வாசிக்கிறார், இடையில் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு மாத்திரை விடுகிறார். 5, 2, 5, 2, 5. கூட்டினால் 19, நாலால் வகுபடாது. இது சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் அடியில்) போய் விழ வேண்டுமென்றால் 13 மாத்திரை போகவிட்டு, அதாவது தாளத்தில் நாலாவது எண்ணிக்கைக்கு நடுவிரல் விழுந்து ஒரு மாத்திரை தள்ளி, ஆரம்பிக்க வேண்டும். இப்போது பாருங்கள்: முதல் ததிகிணதொம் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் பிந்தி எழும்புகிறது. இரண்டாவது நேராக ஆறாவது எண்ணிக்கையின் மேலேயே, கை வீசுகிற இடத்தில், எழும்புகிறது. மூன்றாவது எண்ணிக்கைக்குக் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. பிந்தி, நேர், முந்தி. அப்புறம் டமாரென்று சமம். கச்சேரியில் தனியை முடிக்க வாசிக்கிற கோர்வை இதைவிட எவ்வளவோ நீளம், கணக்கும் முரடு. ஆனாலும் கடைசியில் அடிக்கிற அடி இதே அடிதான்.

நீங்கள் இதையெல்லாம் எண்ணவில்லை. ஆனால் முதல் தரம் கேட்டதும் காது அதைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாம் தரம் 'அதுவேதான்' என்று உறுதி செய்துகொள்கிறது. மூன்றாவது தொடங்கும்போதே அது எங்கே இறங்கும் என்று அங்கே போய்க் காத்திருக்கிறது. லெனார்ட் மேயர் என்ற அமெரிக்க இசையறிஞர் 1956லேயே இதை எழுதிவிட்டார்: இசையில் உணர்ச்சி பிறப்பதே எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு, அதை இழுத்தடிக்கிற இடத்தில்தான் என்று. 2011இல் கனடாவின் மான்ட்ரியலில் வலோரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர், பாட்டுக்குத் தவறாமல் புல்லரிக்கிற எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து, அவரவருக்குப் பிடித்த இசையையே போட்டு, மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில் டோபமைன் என்கிற இன்ப ரசாயனம் மூளையில் ஓர் இடத்தில் சுரந்தது. உச்சம் வருவதற்குச் சில நொடி முன்னால், வரப்போகிறது என்ற நிலையிலேயே, இன்னோர் இடத்தில் சுரந்தது. எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் சபாவில் உட்கார்ந்து பழகியவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கோர்வை தொடங்கியதும் முன்வரிசையில் முதுகுகள் நிமிரும். தனி ஆரம்பித்தவுடன் கேன்டீனுக்குக் கிளம்பிய ஆசாமிகூட, திரும்பி வரும்போது கோர்வை காதில் விழுந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார். (தனிக்கு எழுந்து போகிறவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இது அதற்கான இடமில்லை.)

சரி, தாளம் படிக்காத உங்களுக்கு இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளைச் சொல்கிறேன். பால்கன் நாட்டுப்புற இசையில் நம் மிஸ்ர சாப்பு மாதிரி, அடிகளுக்கு நடுவே ஒரே இடைவெளி இல்லாமல் நடக்கிற தாளங்கள் உண்டு. அதில் வேண்டுமென்றே பிசகு செய்து வட அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரியவர்களுக்குப் பிசகு தெரியவில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்தது! பன்னிரண்டு மாதக் குழந்தைகளோ பெரியவர்கள் கட்சிக்கு மாறிவிட்டிருந்தார்கள். அதாவது ஊரில் என்ன தாளம் கேட்கிறதோ அதற்குக் காது ஒரு வயதுக்குள்ளேயே பழகிவிடுகிறது. நீங்கள் மாயவரத்துக்காரர். கோயில் வாசலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்குப் பாடம் எதற்கு?

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்குக் கணக்கு நன்றாக வருமாமே?
– வாசகர், நாமக்கல்

பதில்: மளிகைக்கடை பில்லை எங்கள் வீட்டில் கூட்டிப் பார்ப்பது என் மனைவி.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது. கல்யாண வீட்டில் மேளம் கேட்டால்கூட 'என்ன சத்தம்' என்பார். மனசில் ஈரமே இல்லாதவரோ?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அம்மா. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். காதில் கோளாறில்லை, மனச்சோர்வும் இல்லை. எது சோகப் பாட்டு, எது குதூகலப் பாட்டு என்று சரியாகவே சொன்னார்கள். பணம் ஜெயிக்கிற விளையாட்டில் மற்றவர்களைப் போலவே துள்ளினார்கள். பாட்டுக்கு மட்டும் இதயத்துடிப்பு ஏறவில்லை, தோலில் ஒரு மாற்றமும் இல்லை. சிலருக்குப் பாயசம் பிடிக்காது, அந்த மாதிரி. அவரை மாற்றப் பார்க்காதீர்கள். மேளம் விஷயத்தில், இன்றைய மண்டபங்களில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் அது சத்தம்தான்.

கேள்வி: கர்ப்பத்திலிருந்தே மொசார்ட் போட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று ஒரு செயலியில் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கட்டாதீர்கள். 1993இல் அமெரிக்காவில் நடந்த அந்த மூலச் சோதனையில் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிடம் மொசார்ட், அதன்பின் காகிதம் மடிப்பது மாதிரியான புதிர்களில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். அந்தக் கூடுதலும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. பிறகு வந்த ஆய்வுகளில், பிடித்தமான எதைக் கேட்டாலும், கதையே கேட்டாலும், அதே பலன் கிடைத்தது. மனசு உற்சாகமானால் புதிர் நன்றாகப் போடுவோம், அவ்வளவுதான். இதற்குள் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டுவிட்டார்! நீங்கள் தாலாட்டுப் பாடுங்கள். அறிவுக்காக இல்லை, தூங்குவதற்காக.

கேள்வி: வயது நாற்பது. பாட ஆசை. பள்ளியில் ஒரு டீச்சர் 'உனக்குச் சுருதிக் காதே இல்லை' என்று சொன்னதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. போனில் பதிவு செய்து கேட்டால் என் குரல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: ஒரே ஒரு கேள்வி: டிவி பாட்டுப் போட்டியில் யாராவது சுருதி விலகினால் உங்களுக்கு முகம் சுளிக்கிறதா? சுளித்தால் உங்கள் காது பத்திரமாக இருக்கிறது. பிறவியிலேயே ஸ்வர வித்தியாசம் பிடிபடாதவர்கள் உண்டு. மான்ட்ரியலில் இசபெல் பெரெட்ஸ் இவர்களைப் பல வருடம் ஆராய்ந்தார். நூற்றுக்கு ஒருவரோ இருவரோ தேறுவார்கள். அவர்களுக்குத் தாங்கள் விலகுவதே தெரியாது. வெட்கப்படவும் மாட்டார்கள்.

உங்களுக்குத் தொண்டைதான் சொன்னபடி கேட்கவில்லை. காது கேட்கிற ஸ்வரத்தைக் குரல்நாணில் எவ்வளவு இறுக்கம் கொடுத்தால் பிடிக்கலாம் என்பது சைக்கிள் மாதிரி ஓட்டி ஓட்டித்தான் வரும். அதோடு ஆண்கள் பலரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. பாடகி ஐந்து கட்டையில், அதாவது உயரமான சுருதியில், பாடிய பாட்டை அதே கட்டையில் பிடிக்கப் போய், எட்டாமல் கத்துவார்கள். சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வையுங்கள். ஏறவில்லையா, முக்கால் கட்டைக்கு இறக்குங்கள். வாயை மூடி 'ம்ம்' என்று ஆதார ஷட்ஜத்தை, அந்த முதல் 'ஸ'வை, மட்டும் பிடியுங்கள். சேர்ந்துவிட்டால் உங்கள் குரலும் பெட்டியும் தனித்தனியாகக் கேட்காது, மூக்கும் பல்லும் லேசாக அதிரும். விலகினால் ஒரு 'வாங் வாங்' அலை கேட்கும். அந்த அலை நிற்கிற வரை மெதுவாக நகர்த்துங்கள். பாட்டெல்லாம் அப்புறம்.

போன் பதிவைக் கேட்டு எல்லாரும்தான் கூசுகிறோம். நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் சேர்ந்து கேட்கிறது. எலும்பு வழியில் கனம் கூடும். போனில் அந்தக் கனம் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் இத்தனை வருடமாகக் கேட்பது அந்தப் போன் குரலைத்தான். யாரும் வீட்டை விட்டு ஓடவில்லையே.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். வீட்டில் ஒழுங்காக வாசிக்கிறேன். மேடை ஏறினால் வேகம் கூடி ஓடுகிறது. குருநாதர் திட்டுகிறார்.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, ஓடுவது உன் கை மட்டும் இல்லை, உடம்பே. படபடப்பில் துடிப்பு ஏறும்போது சரியான காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) மந்தமாகக் கேட்கும். நீ அதைச் 'சரி செய்ய' தள்ளுவாய். கூட வாசிப்பவர் உன்னைப் பிடிக்க அவரும் தள்ளுவார். சோதனையில் இரண்டு பேரைச் சேர்ந்து ஒரே வேகத்தில் விரலால் தட்டச் சொன்னால், தனியாகத் தட்டுவதைவிட வேகம் அதிகமாகக் கூடுகிறது. அதனால் பழியைப் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்.

மருந்து என்ன? மனசுக்குள் இருக்கிற பாட்டுக்குக் காலப்பிரமாணம் நன்றாக நினைவிருக்கும். 1996இல் டேனியல் லெவிட்டினும் பெரி குக்கும் சாதாரண ஆட்களைப் பிடித்துப் பிடித்த பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாடியதில் 72 சதவீதம் அசல் வேகத்துக்கு 8 சதவீதம் இப்படி அப்படிக்குள் இருந்தது. அவர்கள் யாரும் நம்மைப் போலத் தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவர்கள் இல்லை. ஆகவே தனி தொடங்குமுன் அவசரமாகக் கையை வைக்காதே. பல்லவி வரியை உள்ளே ஒரு தரம் பாடு, அந்த நடையில் முதல் சொல்லை வை. வாசிக்கும்போதும் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு, வாயால் சொல்லாத எதையும் மேடையில் வாசிக்காதே. நிதானமாகத் தாளம் போட்டு வாய்விட்டுச் சொன்ன கோர்வை ஓடாது, ஓடினாலும் உனக்கு உடனே தெரிந்துவிடும். நடுக்கத்துக்கு மாத்திரை போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், டாக்டரைக் கேட்காமல் தொடாதே. ஆஸ்துமா இருந்தால் அது ஆபத்து.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். என் பெயரே பல நாள் வருவதில்லை. ஆனால் பழைய பாட்டை ஆரம்பித்தால் வரி தவறாமல் பாடுகிறார். இது எப்படி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெயர் ஒரு மூலையில் தனியாக இருக்கிறது, பாட்டு அப்படியில்லை. மெட்டு, சொல், தாளம், பாடிப் பழகிய வாய் என்று பல வழியாகப் பதிந்திருக்கிறது. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கும். இங்கிலாந்தில் கிளைவ் வியரிங் என்ற இசைக்கலைஞருக்கு 1985இல் மூளைக்காய்ச்சல் வந்து, புதிதாக எதுவும் சில நொடிக்கு மேல் நிற்காமல் போனது. பியானோ முன்னால் உட்காரவைத்தால் மட்டும் வாசித்தார், பாடகர் குழுவையும் நடத்தினார்.

அம்மாவின் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் ஊரில் ஓடிய பாட்டுகளாகப் பார்த்து எடுங்கள். எல்லாருக்கும் அந்த வயதுப் பாட்டுதான் ஆழமாகப் பதிகிறது. 'அடுத்த வரி என்னம்மா, சொல்லு பார்க்கலாம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் முதல் வரியைப் பாடிக் கொஞ்சம் நிறுத்துங்கள், அவரே எடுத்துக்கொள்வார். குளிக்க மறுக்கிற நாளிலும் சாப்பிட அடம்பிடிக்கிற நேரத்திலும் அதட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.