வாசகர் கேள்வி – பதில்: மருதமரப் பொந்தும் அரிய இலையான்களும்

கேள்வி: எமது வயலுக்கு மேற்கே, ஆற்றோரத்து மருதமரங்களின் கீழே, மாரி முடிந்து பல வாரங்களாகியும் ஈரம் காயாத ஒரு துண்டுக் காடு உள்ளது. அங்கே குளவியைப் போன்ற கறுப்புப் பூச்சியொன்றைக் கண்டேன். அதன் இடுப்பில் கண்ணாடி போல இரண்டு வெளிறிய புள்ளிகளும், கால் நுனிகளில் வெள்ளை நிறமும் இருந்தன. இது அரிய இலையானா? அரியவற்றை எப்படித் தேடி இனங்காண்பது?
– வாசகர், திருக்கோவில்

பதில்: நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் கறுப்புச் சிப்பாய் ஈ எனப்படும் ஹெர்மீசியா இலுசென்ஸ் என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இந்த ஈ இன்று வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. சமையற்கழிவு அழுகும் குழிகளிலும் இதன் புழுக்கள் வளர்வதால் இதனை அரியது என்று சொல்வதற்கில்லை. இருப்பினும் நீங்கள் அதன் இடுப்பையும் காலையும் உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். இனங்காணும் வேலைக்கு அந்தக் கண்தான் முதலில் வேண்டும். குளவிக்குச் செட்டைகள் நான்கு, இலையானுக்கு இரண்டே. இலையானின் பின்செட்டைகள் இரண்டும் குண்டூசித் தலை போன்ற சிறு குமிழ்களாகச் சுருங்கி, பறக்கும்போது உடலின் சமநிலையைக் காக்கின்றன. கைவில்லையால் அந்தக் குமிழ்களைக் கண்டுவிட்டால் குளவி என்ற மயக்கம் அத்துடன் தீர்ந்துவிடும்.

அரியவற்றைத் தேடுவோர் பெரும்பாலும் பறப்பதைத் துரத்துகிறார்கள். ஈரக்காட்டில் அது வீண் அலைச்சல் என்பதே எனது உறுதியான கருத்து. இலையானின் வாழ்நாளில் பெரும்பகுதி குடம்பிப் பருவத்திலேயே கழிகிறது, அந்தக் குடம்பிக்கோ பெரும்பாலும் ஓர் இடம் மட்டுமே ஒத்துவரும்: சேற்றில் பாதி புதைந்து ஊறிப்போன மரக்கட்டை, ஓடைக்கரையின் பாசிப்படுகை, பட்டை பிளந்து நீர் கசியும் மரம், மழைநீர் தேங்கிய மரப்பொந்து. ஆகவே முதலில் பூச்சியின் பிறப்பிடத்தைத் தேடுங்கள். முதிய மருதமரத்தின் பொந்தில் தேநீர் நிறத்தில் நிற்கும் நீரை ஒரு கரண்டியால் மெதுவாக அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி, அசையாமல் சில நிமிடம் பார்த்திருங்கள். அழுகிய இலைத்தூளின் நடுவிலிருந்து, உடலைவிட நீளமான வால் ஒன்றை நீர்மட்டம் வரை நீட்டும் புழுவொன்று வெளிப்படலாம். அது வாலன்று, மூச்சுக்குழாய். பூக்களின் முன் அந்தரத்தில் அசையாது நிற்கும் சிர்பிடே குடும்பத்து ஈக்கள் சிலவற்றின் குடம்பி அதுவே. இக்குடும்பத்தின் முதிர்ந்த ஈக்களுடைய செட்டையின் நடுவில், மற்ற நரம்புகளுடன் இணையாமல் தனித்து ஓடும் பொய் நரம்பொன்று இருக்கும். குடும்பத்தை உறுதிசெய்ய அதைவிட எளிய அடையாளம் இல்லை.

அந்தப் பொந்துநீரையும் சேற்றையும் சிறிதளவு ஒரு போத்தலில் எடுத்து, வாயை நுளம்புவலைத் துணியால் கட்டி, காடு இருந்ததைப் போலவே நிழலில் ஈரம் குறையாமல் வைத்திருந்தால், முதிர்ந்த ஈ தானே வெளியே வரும். வலையால் பிடித்த ஈ எங்கிருந்தோ பறந்து வந்ததாக இருக்கலாம். போத்தலில் பிறந்த ஈயோ அந்தப் பொந்துக்குரியது என்பதில் ஐயமில்லை. கூடார வடிவப் பொறியும் உதவும். 1934 இல் பர்மாவில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்த சுவீடன் நாட்டவரான ரெனே மலேஸ், தமது கூடாரத்துள் புகுந்த பூச்சிகள் வெளியேற வழி தேடி மேல்மூலையில் திரள்வதைக் கண்டு அமைத்த பொறி அது. ஆனால் அது வேண்டாதவற்றையும் கொன்று குவிப்பதால், சிறிய காடொன்றில் நாட்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

இனத்தின் பெயரை உறுதிசெய்ய நிழற்படம் பெரும்பாலும் போதாது. உணர்கொம்பு, செட்டை நரம்பு, மார்பின் மயிர்கள் ஆகியவற்றுடன், பல குடும்பங்களில் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தாக வேண்டும். மென்மையான உடலுடையவற்றை 70 முதல் 80 சதவீத அற்ககோலில் இட்டு, திகதி, இடம், எந்த மரத்தின் எந்தப் பகுதி என்பவற்றைப் பென்சிலால் எழுதிய தாளைப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள். ஒருமுறை நான் குமிழ்முனைப் பேனாவால் எழுதியதால் அற்ககோலில் மை கரைந்து, ஒரு மாரி முழுவதும் சேர்த்த மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டவை என்று தெரியாமற் போயின. அந்த இழப்பு இன்றும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: மாலையில் விளக்கொளிக்கு வந்து சுவரில் அமரும், கால்கள் மிக நீண்ட பெரிய நுளம்பு டெங்கு பரப்புமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: பரப்பாது. அது நுளம்பே அல்ல. திப்புலிடே குடும்பத்து நெடுங்கால் ஈ. கடிக்காது, இரத்தம் குடிக்காது. தொட்டால் கால் கழன்றுவிடும் அளவுக்கு மென்மையானது. அதன் குடும்பத்தார் பலருடைய குடம்பிகள் ஈரமண்ணிலும் உக்கிய மரத்திலும் வளர்வதால், ஈரக்காட்டின் நலத்தை அறிய விரும்புவோருக்கு அது பெரும் துணை. இலங்கை உட்படப் பல நாடுகளின் நெடுங்கால் ஈக்களை ஆராய்ந்த சார்ள்ஸ் பி. அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர், தமது வாழ்நாளில் 11,000 க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்துப் பெயரிட்டார். ஒரு பூச்சியை அரியது என்று சொல்லும் முன் நான் தயங்குவதற்கு அந்த எண்ணிக்கையும் ஒரு காரணம். தேடுவார் இல்லாமையால் பதிவாகாதது வேறு, உண்மையிலேயே குறைந்து வருவது வேறு.

மரப்பொந்துகளில் வளரும் டொக்சோரிங்கைட்டீஸ் என்ற பெரிய, மினுங்கும் நுளம்பையும் கண்டால் அடித்துவிடாதீர்கள். முதிர்ந்த பின் ஆணும் பெண்ணும் தேனையே உண்கின்றன. குடம்பியோ மற்ற நுளம்புக் குடம்பிகளைத் தின்று வளர்கிறது.

கேள்வி: கல்லோயா, குமணக் காடுகளில் நாமாகப் போய் மாதிரி சேகரிக்கலாமா?
– மாணவர், வந்தாறுமூலை

பதில்: கூடாது. இரண்டும் தேசியப் பூங்காக்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதியின்றி அங்கு ஓர் ஈயைக்கூட எடுக்க முடியாது. உரிமையாளரின் சம்மதம் பெற்று, உங்கள் ஊர் வாய்க்காலோரத்து மரங்களில் பழகுங்கள். அங்கும் யானை வந்து போகும் தடம் எது, முதலை கிடக்கும் துறை எது என்று ஊரவரிடம் கேட்டறிந்து, காலை வெயில் ஏறிய பின்னர் துணையுடன் செல்லுங்கள்.