உள்ளதைச் சொல்லி விற்றால் கடை நடக்குமா? நல்ல சர்வீஸ் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே திரும்பி வருவார்களா?

நடக்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் வீட்டு வாடகைக்கு மனைவியின் சம்பளம் இருந்தால் நல்லது. எனக்கு இருந்தது.

பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வாட்டர் ஃபில்டர் விற்பது, பொருத்துவது, பழுது பார்ப்பது. பதினொரு வருடமாகிறது. அதற்கு முன்பு மூன்று வருடம் ஒரு நிறுவனத்துக்காக இதே பொருளை வீடு வீடாகப் போய் விற்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே எங்களுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டு ஜோடி உலோகக் கம்பிகள் தொங்கும். ஒரு டம்ளரில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது கரைந்த உப்புகளைப் பெரும்பாலும் வடிகட்டி நீக்கும் மெஷினில் வந்த தண்ணீர். கம்பிகளை முக்கி சுவிட்சைப் போட்டால், குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பாகி, கருத்து, மேலே நுரை கட்டும். எங்கள் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். "இதைத்தான் உங்கள் குழந்தைகள் குடிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்துக்குக்கூடப் பயிற்சி உண்டு.

மர்ஃபி டவுனில் ஒரு வீட்டில் இதைச் செய்து காட்டினேன். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. காபி கொடுத்து, முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உப்பு ஜாடியோடு வந்தார். தெளிவாக நின்ற டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, "தம்பி, மறுபடியும் போடுங்கள்" என்றார். போட்டேன். அதுவும் சாக்கடை நிறத்துக்கு வந்தது. "இப்போது நான் போட்ட உப்பு அழுக்கா, உங்கள் கம்பி அழுக்கா?" என்று கேட்டார். கோபமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையனிடம் கேட்பதுபோல் கேட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் அந்த இரும்பே கரைந்து துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. தண்ணீரில் உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும்; ஆர்.ஓ. தண்ணீரில் அவை மிகக் குறைவு என்பதால் எதுவும் நடப்பதில்லை. டம்ளரில் கண்ட அழுக்கு நாங்கள் கொண்டுபோனது. இது எனக்கு அன்றுவரை தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஏதோ சரியில்லை என்று தெரியும். மாதம் பன்னிரண்டு மெஷின் என்ற டார்கெட் இருந்ததால் கேட்டுக்கொள்ளவில்லை.

கடை வைத்தபோது அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் கரைந்த உப்புகள் எவ்வளவு என்று காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் மட்டும் வாங்கினேன். வீட்டுக்குப் போய் அளந்து, வாடிக்கையாளர் கண்முன்னே எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. நான் அளந்த காவேரித் தண்ணீர் பெரும்பாலும் 300-ஐத் தாண்டியதில்லை. அதற்கு ஆர்.ஓ. வைத்தால், ஒரு லிட்டர் குடிப்பதற்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாகும். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே, 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி அரசிடம் சொன்னது. கிருமிக்கு யு.வி. விளக்கு, அதாவது புற ஊதாக் கதிர் விளக்கு போதும். அல்லது கொதிக்கவைத்தால் போதும். இரண்டாவதைச் சொல்லும்போது என் வாய் கொஞ்சம் கசக்கும், இருந்தாலும் சொல்லிவிடுவேன். போர் தண்ணீர் என்றால் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று அது தனியாகக் காட்டாது. ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வேன்.

நேர்மையைக் கண்டதும் எல்லோரும் மாலை போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். லிங்கராஜபுரத்திலிருந்து ஒருவர் 16,000 ரூபாயோடு ஆர்.ஓ. வாங்க வந்தார். அளந்தால் 160. யு.வி. போதும், பாதி விலையில் முடியும் என்றேன். "சரக்கு கையில் இல்லையா?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு வேறு கடையில் ஆர்.ஓ.வே வாங்கினார். ஒன்றரை வருடம் கழித்து, ஆர்.ஓ.வுக்குள் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் என்ற சவ்வை மாற்றும் செலவைக் கேட்ட அன்று எனக்குப் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அன்றைக்கு ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தீர்களே, 160" என்று ஆரம்பித்தார். அவர் வீடு, அவர் தம்பி வீடு, மாமியார் வீடு, மூன்றும் இப்போது என்னிடம்தான்.

வாடிக்கையாளரின் விசுவாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாசம் அல்ல. ஒவ்வொரு முறையும் "இவன் ஏமாற்றுகிறானா?" என்று யோசிப்பது மனிதருக்குக் களைப்பு தரும் வேலை. அந்த வேலை இல்லாத ஒரு கடை கிடைத்தால் இருநூறு ரூபாய் கூட இருந்தாலும் அங்கேயே போவார்கள். நான் விற்பது அந்த நிம்மதியையும் சேர்த்துத்தான். அதனால் பழைய ஃபில்டரை மாற்றினால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன், புதியதன்மேல் மார்க்கரால் தேதி எழுதுவேன். விற்கும்போதே வருடச் செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவேன். இதைக் கேட்டே சிலர் எழுந்து போயிருக்கிறார்கள்.

ஆனால் நேர்மை மட்டும் போதாது. எங்கள் தெருவில் என்னைவிட யோக்கியமான ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். நாளை வருகிறேன் என்றால் வியாழக்கிழமை வருவார். எந்த வியாழக்கிழமை என்பதுதான் தெரியாது. கடையை மூடிவிட்டார். போனை எடுப்பதும் யோக்கியதையில் சேர்த்திதான்.

தவறும் நடக்கும். ஒருமுறை என் கடைப் பையன் குழாய் இணைப்பைச் சரியாக இறுக்காமல் வந்துவிட்டான். இரவு முழுக்கக் கசிந்து சமையலறை அலமாரியின் பலகை ஊறிப்போனது. தச்சரை நானே அழைத்துப் போய் 6,500 ரூபாய் கொடுத்தேன். அந்த மாத லாபத்தில் பெரிய ஓட்டை. அந்த வீட்டம்மா ஏழு வருடமாக என்னைத்தான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது இணைப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

உண்மையான பரீட்சை 2024 கோடையில் வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, ஊரே டேங்கருக்குக் காத்திருந்த நேரம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. கே.ஆர். புரம் பக்கம் காவேரியும் போரும் கலந்து வரும் அடுக்ககங்களில் 350 என்று அளந்து நான் யு.வி. பொருத்தியிருந்தேன். அங்கே டேங்கர் வர ஆரம்பித்ததும் அளந்தால் 900, சில நாள் அதற்கும் மேல். என் அறிவுரை பொய்யில்லை, ஆனால் பொருத்தமில்லாமல் போய்விட்டது. அவர்கள் கேட்கும்வரை சும்மா இருந்திருக்கலாம். வாடிக்கையாளர் விவரம் எழுதிய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நானே போன் செய்தேன்: நான் சொன்னது பழைய தண்ணீருக்கு, இந்தத் தண்ணீருக்கு அது போதாது, இப்போதைக்குக் கேன் வாங்குங்கள். கடையில் இருந்த பழைய ஆர்.ஓ. மெஷின்களைச் சரி செய்து மாத வாடகைக்குக் கொடுத்தேன். நான்கு பேர் திட்டினார்கள். அதில் ஒருவர் ஆன்லைனில் புதிய ஆர்.ஓ. வாங்கிக்கொண்டார். அதைப் பொருத்த என்னைத்தான் கூப்பிட்டார். போனேன், கூலி வாங்கினேன். ரோஷம் பார்த்தால் தொழில் நடக்காது.

அதே வருடம் அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, சுற்றியுள்ள 110 கிராமங்களுக்கு இணைப்பு வர ஆரம்பித்ததும், வாடகை மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "காவேரித் தண்ணீரே வந்துவிட்டது, அளந்து சொல்லுங்கள்" என்று அவர்களே அழைத்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே மீட்டர் வாங்கி அளந்து வைத்திருந்தார்கள். எண் என் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த டீச்சர் அம்மா இன்றுவரை என்னிடம் எதுவும் வாங்கவில்லை. கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார். அவர் அனுப்பி வந்த வீடுகள் மட்டும் இருபதுக்கு மேல்.

போன வாரம் ஓசூருக்குக் குடிபோன ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, எந்த ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று கேட்டார். எனக்கு ஃப்ரிட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். "சரி அண்ணா, உங்களைப் போல ஒரு ஃப்ரிட்ஜ் கடைக்காரரைச் சொல்லுங்கள்" என்றார். நான்கு பேரை விசாரித்துவிட்டேன், இன்னும் யாரும் சிக்கவில்லை.