வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை: ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். அதே பாடங்களைத் திரும்பத் திரும்ப நடத்தி எனக்கே சலித்துவிட்டது. பாடம் முடிந்ததும் ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்றால் மாணவர்கள் வாய் திறப்பதில்லை. சிறு வயதில் எனக்கிருந்த ஆர்வத்தை மீட்டு அவர்களுக்கும் ஊட்ட வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் முதலில் உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். பாடம் முழுவதையும் விளக்கிவிட்டுச் சந்தேகம் கேட்டால், கை தூக்கும் பிள்ளை தனக்குப் புரியவில்லை என்று நாற்பது பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. ஆகவே கேள்வியைப் பாடத்தின் முன்னால் கொண்டுவாருங்கள். அதுவும் நீங்களே வியந்து நிற்கும் கேள்வியாக இருக்கட்டும்.

எரிதல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, எரிவது திரியா மெழுகா என்று கேளுங்கள். பெரும்பாலோர் திரி என்பார்கள். சற்று நேரம் எரிந்ததும் சுடரை ஊதி அணைத்து, மேலெழும் வெண்புகையில், திரியைத் தொடாமல் சற்று மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகையில் இருப்பது மெழுகின் ஆவியும், அது குளிர்ந்து உண்டான நுண்துகள்களுமே என்பதை அப்போதே சொல்லிவிடாதீர்கள்; அவர்கள் ஊகிக்கட்டும், தவறாகவே ஊகிக்கட்டும். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில், தம் 69ஆம் வயதில், லண்டனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருள் மெழுகுவர்த்திதான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றிப் பேசியிருந்தவர் அவர். பழகிய பொருளே சலிப்பைத் தருகிறது என்று நான் நினைக்கவில்லை. விடையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பதுதான் சலிப்பைத் தருகிறது. எனவே பாடநூலைத் திறக்குமுன், அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.

கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே பொறுத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் விரிவடைந்தன. மாணவர்கள் தாமாகக் கேட்ட கேள்விகளும் பெருகின. இதற்குச் செலவு ஏதுமில்லை, ஆனால் அந்த மௌனத்தைத் தாங்கப் பழக வேண்டும்.

எழும் கேள்விகள் பாடத்திட்டத்துக்கு வெளியே போவது இயல்பு. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ‘சவாலீராம்’ என்ற கற்பனைப் பெயருக்குப் பிள்ளைகள் தம் கேள்விகளைக் கடிதமாக எழுதியனுப்பினார்கள். உங்கள் வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி அந்த வேலையைச் செய்யும். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய துணை. ஆனால் போட்ட கேள்விக்குப் பதிலே வராவிட்டால் பெட்டி விரைவில் காலியாகிவிடும். விடை தெரியாதபோது ‘தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். சொன்னபடி தேடவும் செய்யுங்கள்.

தேர்வு நெருங்கும் மாதங்களில் இதற்கெல்லாம் நேரமிராது என்பதை அறிவேன். அப்போது வாரத்துக்கு ஒரு பாடவேளையின் முதல் பத்து நிமிடங்களை மட்டும் இதற்கென ஒதுக்குங்கள். பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்தாலும் போதும்.