எக்கோ நார்மல், ஆனாலும் படபடப்பு: கொரோனாவுக்குப் பிறகு இதய எம்.ஆர்.ஐ. தேவையா?

கேள்வி: எனக்கு 41 வயது. கடுமையான கொரோனாவுக்கு ஆக்சிஜன் வைத்துச் சிகிச்சை பெற்று, வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் படபடப்பு, சில நாள் நெஞ்சில் பாரம். எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் நண்பர், சி.டி. போதும் என்கிறார் உறவினர். எதை எடுப்பது? மறுபடி எப்போது ஓடலாம்?

பதில்: முதலில் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, கால் வீங்கினாலோ எந்த ஸ்கேனுக்கும் நாள் குறிக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

60 சதவீதம் நல்ல எண்தான். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் நூற்றில் 60 பங்கு வெளியேறுகிறது என்று பொருள். எக்கோ காட்டுவது இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை. வைரஸால் இதயத் தசைக்குள் சின்னதாக ஓர் இடத்தில் அழற்சி இருந்தால் மொத்த பம்பிங் குறையாமலே இருக்கலாம். அதனால் எக்கோ நார்மல் என்பதை வைத்து மட்டும் உங்கள் படபடப்பை ஒதுக்கிவிட முடியாது.

அதற்காக நேரே எம்.ஆர்.ஐ.க்கு ஓடவும் வேண்டாம். ஈ.சி.ஜி., ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனை, எக்கோ, இந்த மூன்றும்தான் முதல் படி. அமெரிக்க இதயவியல் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எக்கோ முடிந்துவிட்டது, மற்ற இரண்டையும் பாருங்கள். படபடப்பு இருப்பதால், உடலில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டரும் நல்லது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்த ட்ரோபோனின் அளவு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது நார்மலாகியிருந்தாலும் அப்போது ஏறியிருந்தால் அது முக்கியமான தடயம். அந்தத் தாளை மறக்காமல் கொண்டுபோங்கள்.

அப்போது ட்ரோபோனின் ஏறியிருந்தாலோ, ஈ.சி.ஜி.யிலோ ஹோல்டரிலோ கோளாறு தெரிந்தாலோ, வேறு காரணம் எதுவும் கிடைக்காமல் நெஞ்சுப் பாரம் தொடர்ந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுப்பது நியாயம். தசையின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை வெட்டிப் பார்க்காமல் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படங்கள் அழற்சியால் கோத்த நீரைக் காட்டும். டி1 என்ற வகைப் படங்களும், ரத்தக்குழாயில் செலுத்தும் காடோலினியம் என்ற சாய மருந்தும் சேதத்தையும் தழும்பையும் காட்டும். மருந்து செலுத்திப் பத்து நிமிடம் போல் கழிந்ததும் நல்ல தசையிலிருந்து அது வெளியேறிவிடும். தழும்பில் தங்கி வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மாரடைப்பின் தழும்பு தசையின் உள்ளடுக்கிலிருந்து தொடங்கும். வைரஸ் அழற்சி பெரும்பாலும் நடு அடுக்கிலோ வெளி அடுக்கிலோ இருக்கும். இதயத் தசை அழற்சியை எம்.ஆர்.ஐ.யில் உறுதிசெய்ய டாக்டர்கள் பயன்படுத்தும், 2018இல் திருத்தப்பட்ட லேக் லூயிஸ் அளவுகோல் நீருக்கு ஓர் அடையாளம், சேதத்துக்கு ஓர் அடையாளம் என இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. எடுக்கும் மையத்தில் டி1, டி2 மேப்பிங் (இந்த மாற்றங்களை எண்ணாக அளந்து காட்டும் முறை) வசதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

காலமும் கணக்கில் வரும். நீர்க்கோப்பு சில வாரங்களில் வடியக்கூடியது. இரண்டு மாதம் கழித்து டி2 நார்மலாக வந்தால், அப்போது எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அப்புறம், ரிப்போர்ட்டில் வரும் ஒரு சின்ன மாற்றத்தைக் கண்டு பயந்துவிடக் கூடாது. 2020இல் பிராங்பர்ட் ஆய்வொன்றில், கொரோனாவிலிருந்து மீண்ட 100 பேரில் 78 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்ததும் உலகமே கவலைப்பட்டது. பிறகு பிரிட்டனில் 149 சுகாதாரப் பணியாளர்களை ஆராய்ந்தபோது, லேசான தொற்று வந்துபோய் ஆறு மாதமானவர்களுக்கும் தொற்றே வராதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் 1,597 கல்லூரி விளையாட்டு வீரர்களில் 37 பேருக்கு அழற்சி கண்டறியப்பட்டது. அவர்களில் 27 பேருக்குத் திரும்ப எடுத்ததில் எல்லோருக்கும் நீர்க்கோப்பு வடிந்திருந்தது. அறிகுறியே இல்லாதவர் ஆசைக்காக எம்.ஆர்.ஐ. எடுப்பதை நான் ஆதரிக்காததற்கு இதுதான் காரணம். உங்களுக்கு அறிகுறி இருக்கிறது. உங்கள் நிலை வேறு.

சி.டி. பார்ப்பது வேறு விஷயம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு வகை, நுரையீரல் ரத்தக்கட்டுக்கு இன்னொரு வகை. கடுமையான கொரோனாவுக்குப் பின் ரத்தக்கட்டு வரக்கூடும். மூச்சிரைப்பும் இருந்தால் அதை விலக்கியாக வேண்டும். நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்து, படி ஏறும்போது மட்டும் நெஞ்சு பாரமானால் அடைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த அழற்சியைத் தேடுவதற்கு சி.டி. போதாது.

எல்லாம் நார்மல் என்றால்? படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள்ளும் நாடித்துடிப்பை எண்ணுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸுக்குப் பின் வரும் நரம்புக் கட்டுப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். அதை ஸ்கேன் காட்டாது.

எம்.ஆர்.ஐ. முடிவானால்: 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும்; கதிர்வீச்சு கிடையாது. இடையிடையே மூச்சை அடக்கச் சொல்வார்கள். பேஸ்மேக்கர், உடலில் உலோகம், சிறுநீரகக் கோளாறு, மூடிய இடத்தில் பயம் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஓடுவதைப் பற்றி: இந்தப் பரிசோதனைகள் முடியும்வரை வேண்டாம். சிரமம் தராத அளவுக்கு மெதுவாக நடக்கலாம். அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது. அதன் பிறகும் ட்ரோபோனின், எக்கோ, ஹோல்டர், டிரெட்மில் எல்லாம் பார்த்து டாக்டர் சம்மதித்த பிறகுதான் ஓட வேண்டும். அழற்சி இல்லை என்றால் நடையில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மறுநாள் களைப்பு அதிகமானால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.