கொச்சியிலிருந்து லண்டன்: துபாய் வழி போனால் சுற்றா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மாவைத் தனியாக லண்டனுக்கு அனுப்புகிறேன், துபாய் வழி டிக்கெட் பெரிய சுற்றாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றே இல்லை.

கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்வழித் தூரம் சுமார் 8,200 கி.மீ. துபாய் வரை 2,780, அங்கிருந்து லண்டன் 5,500. கூட்டிப் பாருங்கள், 80 கி.மீ. போலத்தான் கூடுதல். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் கொச்சியில் ஒரு நூலை வைத்து லண்டன் வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் அரபிக்கடலைத் தாண்டி ஈரான் மேலே ஏறும். துபாய் அதிலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கும்.

பறக்கும் நேரம் முதலில் நாலு மணி, அப்புறம் ஏழரை மணி. மேற்கே போகும்போது எதிர்க்காற்று, அதனால் திரும்பி வரும் பயணம் கொஞ்சம் சீக்கிரம் முடியும். இறங்கும் நேரம் டிக்கெட்டில் லண்டன் கணக்கில்தான் இருக்கும்: குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை.

உண்மையில் நேரத்தைத் தின்பது துபாய்க் காத்திருப்புதான். என் சித்தியை அனுப்பியபோது மூன்று மணி நேர இடைவெளி பார்த்து எடுத்தோம், சரியாக இருந்தது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். அம்மா வழி தேடி அலைய வேண்டியிருக்காது.