செப்ரைட் என்று சொல்லி விற்ற சிறு கோழிகள்

கேள்வி: புறக்கடையில் வளர்ப்பதற்காக ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளுமாகப் பேன்டம் கோழிகள் வாங்கினேன். வாங்கும்போது ஒருநாள் குஞ்சுகள். இப்போது பத்து மாதம் ஆகிறது. விற்றவர் அசல் பொன்னிறச் செப்ரைட் என்றார். இறகுகள் பொன்னிறமாகவும் கறுப்பு விளிம்புடனும்தான் உள்ளன. ஆனால் மூன்றுக்கும் கொண்டை ஒற்றையாக, வாள் பல் போல நிற்கிறது. சேவலின் வால் நீண்டு வளைந்திருக்கிறது. கால்களில் சிறிது இறகும் உண்டு. சில வாரங்களாகக் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகப் பொருக்குத் தட்டி நிற்கின்றன. இது வயதினால் வருவதுதானா? இவை எந்த இனம்? நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்து, சில தலைமுறைகளில் அசல் செப்ரைட்டாக்க முடியுமா?

பதில்: உங்கள் கோழிகள் செப்ரைட் அல்ல, தேர்ந்தெடுத்துப் பெருக்கினாலும் செப்ரைட் ஆகப்போவதில்லை. பேன்டம் என்பதே ஓர் இனத்தின் பெயரன்று. ஜாவாவின் பாந்தன் துறைமுகத்தின் பெயர், சிறிய உடல் கொண்ட கோழிகள் அனைத்துக்கும் பொதுவாக நிலைத்துவிட்டது. செப்ரைட், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சர் ஜான் செப்ரைட் தேர்ந்தெடுத்து உருவாக்கிய தனி இனம். அதன் கொண்டை ரோஜாக் கொண்டை, அதாவது தட்டையாகப் படிந்து சிறு முகடுகள் நிறைந்தது. கால்கள் இறகின்றி நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். எடை ஏறத்தாழ 600 கிராம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, செப்ரைட் சேவலுக்குச் சேவலுக்குரிய கூர்மையான கழுத்திறகும் வளைந்த வாலிறகும் இரா. பெட்டையைப் போலவே இறகு பூண்டிருக்கும். பெற்றோரில் ஒன்றாவது அசலாக இருந்திருந்தால், உங்கள் சேவலின் வால் பெரும்பாலும் இப்படி நீண்டிருக்காது.

இறகின் விளிம்புக் கோலம் ஒன்றை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்வதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. அக்கோலம் வேறு இனங்களிலும் உண்டு. ஒற்றைக் கொண்டையையும் காலிறகையும் சேர்த்துப் பார்த்தால், விளிம்புக் கோலமுள்ள கொச்சின் பேன்டம் என்ற குட்டை இனத்தின் இரத்தம் கலந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அசல் கொச்சினுக்குக் காலிறகு அடர்ந்து பாதம் வரை மூடியிருக்கும், வாலும் குட்டையாக உருண்டிருக்கும். ஆகவே இவை கலப்பினம் என்பதற்கு மேல், விற்பவர் சொல்வதைப் போன்ற உறுதியோடு நான் எதையும் எழுதமாட்டேன்.

ஒருநாள் குஞ்சில் கொண்டையின் வகையையும் விரல்களின் எண்ணிக்கையையும் காலில் இறகு வருமா என்பதையும் கண்டுகொள்ளலாம். விளிம்புக் கோலமோ, முதிர்ந்த இறகு முளைத்த பின்புதான் தெளிவாகத் தெரியும். எனவே, ஒருநாள் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கோலத்திற்கு உறுதி கூறும் வியாபாரி, தனக்குத் தெரியாததை விலைக்கு விற்கிறார். ஒற்றைக் கொண்டையோ அன்றே தெரிந்திருக்கும்; அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, இத்தகையோர் ஜோடி என்று தருவது பல வேளைகளில் ஒரே அடைவைப்பின் உடன்பிறப்புகளே.

என் நாற்பதாண்டுப் பிடிவாதம் ஒன்று உண்டு: இனத்தைக் கோழியின் தோற்றத்தில் தேடாதீர்கள், அதன் குஞ்சுகளில் தேடுங்கள். ஒவ்வொரு கோழியின் காலிலும் வெவ்வேறு நிற வளையம் இடுங்கள். பெட்டைகளின் முட்டைகளைத் தனித்தனியே குறியிட்டு, தனித்தனியே அடைவையுங்கள். பொரிந்த நாளிலேயே குஞ்சின் கொண்டை, விரல்கள், கால் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பின்னர் மாதம் ஒருமுறை எடையையும் குறியுங்கள். இருபது குஞ்சுகள் சேர்ந்துவிட்டால், எந்தப் புகைப்படத்தைவிடவும் அந்த நோட்டுத் தெளிவாகப் பேசும். காலிறகுள்ள பெற்றோருக்கு இறகற்ற கால் குஞ்சுகள் சில பிறந்தால், அப்பெற்றோர் கலப்புதான் என்பது உறுதியாகிவிடும். உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது: ரோஜாக் கொண்டை ஓங்கிய பண்பு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்; ஒற்றைக் கொண்டை ஒடுங்கிய பண்பு, இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்; ஆகையால் இரண்டு ஒற்றைக் கொண்டைக் கோழிகளைச் சேர்த்தால் ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளே பிறக்கும். உங்களிடம் இருப்பவை மூன்றும் ஒற்றைக் கொண்டை. வெளியிலிருந்து அசல் செப்ரைட்டைக் கொண்டுவராமல், எத்தனை தலைமுறை பொறுத்திருந்தாலும் ரோஜாக் கொண்டை வராது. நோட்டு எழுதப் பொறுமையில்லாதவர் பிறருக்கு இனவிருத்திக் கோழி விற்கக்கூடாது என்பது என் கருத்து; அழகுக்கும் அடைகாப்பதற்கும் வளர்ப்பதென்றால், எந்த இனம் என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நீங்கள் போகிறபோக்கில் கேட்டுவிட்ட காலையல்லவா முதலில் கவனிக்க வேண்டும்! பத்து மாதக் கோழிக்கு வயதினால் கால் பொருக்குத் தட்டாது. செதிலுக்கு அடியில் துளைத்து வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் வேலை இது. மெதுவாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். காலிறகு அதை மறைத்துவிடுவதால் தாமதமாகவே கண்ணில் படும். முற்றினால் கோழி நொண்டும். மூன்றின் கால்களையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, ஈரம் துடைத்து, வாசலினைச் செதில்களின் இடுக்குகளில் புகும்படி தடிமனாகப் பூசுங்கள்; உண்ணிக்குக் காற்று அடைபடுவதே இதன் நோக்கம். வாரம் ஒருமுறையாவது, பழைய செதில் உதிர்ந்து புதியது வரும்வரை, தொடர்ந்து செய்யுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், இரத்தம் கசியும். கோழிகள் அடையும் கம்புகளையும் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவை தோலைப் புண்ணாக்கும், அடைகாக்கும் பெட்டையின் காலிலிருந்து முட்டையோட்டில் படிந்து உள்ளிருக்கும் கருவையும் கொல்லும். நோய் முற்றியிருந்தால் ஊசி மருந்தை நீங்களே அளந்து போடாமல், கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

கால் ஆறும்வரை பெட்டைகளை அடைவைக்க வேண்டாம். அதன்பின் வளையம் இட்டு, முதல் இருபது குஞ்சுகளின் கணக்கை எனக்கு எழுதுங்கள்.