கிழங்குப் பயிர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரவள்ளிச் செடிகள் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்த இலைகளோடு நிற்கின்றன. எட்டாம் மாதத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், கிழங்குகள் விரல் பருமனே உள்ளன. காரணம் என்ன?

பதில்: இலை செழித்துக் கிழங்கு சிறுத்திருந்தால், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்துவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்குச் சென்று மாவாகத் திரள்வதற்குச் சாம்பல் சத்து இன்றியமையாதது. தழைச்சத்து தரும் யூரியாவை மட்டும் இட்டுவந்தால் செடி தன் உழைப்பை எல்லாம் தண்டிலும் இலையிலுமே செலவிட்டுவிடும். மர நிழலும் இறுகிய மண்ணும் இதே விளைவைத் தரும். நட்ட இரண்டு மூன்று மாதங்களிலேயே வேர்கள் பருக்கத் தொடங்கிவிடுவதால், அதற்குள் களையெடுத்து, மண் அணைத்து, சாம்பல் சத்தையும் கொடுத்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, நீண்ட கால ரகமாக இருந்தால் மேலும் இரண்டு மாதம் விட்டு அறுவடை செய்வதுதான்.

ஆனால் உரத்தைவிட நடவுக்குச்சியைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். இலையில் மஞ்சள் திட்டுகளை உண்டாக்கும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புவது உண்மையே என்றாலும், நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய குச்சியை நட்டால், நாமே அந்நோயை அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்கிறோம். இலைகள் உதிர்ந்த பின் குச்சியைப் பார்த்து நோயைக் கண்டறிய இயலாது. ஆகவே, மஞ்சள் திட்டுகளோ இலைச் சுருக்கமோ இல்லாத செடிகளை, இலைகள் இருக்கும்போதே தேர்ந்து அடையாளம் கட்டி வையுங்கள். அவற்றின் முற்றிய தண்டில் நுனியையும் அடியையும் நீக்கி, நடுப்பகுதியை 8 முதல் 10 கணுக்களுடன், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் நறுக்கி, மொட்டுகள் மேல்நோக்கி இருக்கும்படி நட வேண்டும்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்கையே நறுக்கி நட்டால் முளைக்குமா?

பதில்: முளைக்காது. அது பருத்த வேர். அதில் மொட்டுகள் இல்லை. ஆனால், கொடியாகப் படரும் வேறு பயிரான பெருவள்ளியின் கிழங்கைத் தோலுடன் 200 முதல் 300 கிராம் துண்டுகளாக நறுக்கி நடலாம். சேனைக்கிழங்கு நிலத்தடித் தண்டு என்பதால், ஒவ்வொரு துண்டிலும் நடுமொட்டின் ஒரு பகுதி இருக்குமாறு வெட்ட வேண்டும்; வெட்டுவாயை நிழலில் உலர்த்திய பிறகே நட வேண்டும்.

கேள்வி: மரவள்ளியின் நுனியில் வெண்மையான மாவுப்பூச்சி மொய்த்து, இலைகள் கொத்தாகச் சுருங்குகின்றன. எந்த மருந்து தெளிக்கலாம்?

பதில்: மருந்தை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம். இதே மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானோரின் உணவையே அச்சுறுத்தியது. அதைக் கட்டுப்படுத்தியது பராகுவேயில் கண்டறியப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி; மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் பூச்சி இது. அது 1981-இல் நைஜீரியாவில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அந்தப் பணிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. கடுமையான பூச்சிக்கொல்லி தெளித்தால், இத்தகைய குளவிகளும் பிற இயற்கை எதிரிகளும் அழிந்து, மாவுப்பூச்சி முன்னிலும் பெருகக்கூடும். தாக்கப்பட்ட நுனிகளை உடனே கிள்ளி எரித்துவிட்டு, வேளாண் அலுவலரிடம் ஒட்டுண்ணி கிடைக்குமா என்று கேளுங்கள். பூச்சி இருக்கும் வயலிலிருந்து குச்சி எடுப்பதையும் தருவதையும் அறவே தவிருங்கள்.

கேள்வி: தோண்டிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு நாளில் உள்ளே கருத்துவிடுகிறது, பெருவள்ளி மாதக்கணக்கில் இருக்கிறது. ஏன்?

பதில்: பெருவள்ளிக்கு உறக்கப் பருவம் உண்டு, முளைவிடும் வரை அது உயிர்ப்புடன் அடங்கியிருக்கும். மரவள்ளிக்கு அது இல்லை. தோண்டும்போது ஏற்படும் காயங்களில் காற்றுப் பட்டதும், உள்ளே வேதிமாற்றம் தொடங்கி, நீலக்கறுப்புக் கோடுகள் தோன்றுகின்றன. அழுகல் அதன் பின்னரே வரும். அறுவடைக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன் தண்டை அடியில் சிறிது விட்டு வெட்டிவிட்டால், கருப்பது ஓரளவு தாமதப்படும். அதற்கும் மேல் வைத்திருக்க வேண்டுமானால், தோல் சீவி, சீவல்களாக நறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்துவதே உறுதியான வழி.